சொந்த வாக்கியத்துக்கு அரை மார்க்

நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று என்னோடு படித்தவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு முன்னால் அண்ணனோ சித்தப்பாவோ படித்திருந்தார்கள். பழைய புத்தகமும் பழைய பயமும் வீட்டிலேயே கிடைத்தன. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவருமில்லை. எதையும் யாரும் எழுதிவைக்காத வீட்டிலிருந்து வந்தவள் நான். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

போன வாரம், நான் வேலை செய்யும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ட்ரங்க் கால் கிடைக்காத கோபத்தில் ஒருவர் இங்கிலீஷில் கத்தினார். காலையிலிருந்து கேட்கிறேன், நீங்கள் எல்லாரும் டர்னிங் எ டெஃப் இயர் என்றார். காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்று அர்த்தம். "சார், என் ரெண்டு காதும் காலையிலேர்ந்து உங்க லைன்லதான் இருக்கு" என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தொடருக்காக ஒன்பதாம் வகுப்பில் நான் பட்ட பாடு அவளுக்கும் தெரியாது, போனில் கத்தியவருக்கும் தெரியாது. உங்களில் சிலருக்குத் தெரியும். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

எங்கள் நைனா திருத்தணி மலைமேல் மொட்டை அடிக்கும் கொட்டகையில் வேலை செய்தார். அம்மா அடிவாரத்தில், மொட்டை போட்ட தலைக்குப் பூசும் சந்தனத்தை அரைத்துச் சின்னச் சின்ன இலைத் துண்டில் வைத்து விற்றாள். வீட்டில் எப்போதும் அந்த இரண்டு வாசனைதான். நைனாவின் சட்டையில் ஈர மயிர் வாசனை, அம்மாவின் கையில் சந்தனம். வகுப்பில் பையன்கள் எனக்கு 'மொட்டை' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. அதை இரட்டைச் சடையாகப் பின்னி, அவர்கள் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு போவேன்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அதில் பெண்கள் ஒன்பது பேர்.

இங்கிலீஷ் சாரின் நோட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பழுப்புக் காகித அட்டை, முதுகில் கோந்து போட்டு ஒட்டிய காக்கித் துணி. வாரத்துக்கு ஐந்து மரபுத்தொடர். முதலில் தொடரைச் சொல்வார், பிறகு அர்த்தம், கடைசியில் கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கி, "ஓன் சென்டன்ஸ், எழுதிக்கோ" என்பார். சொந்த வாக்கியத்தை அவர் சொல்லச் சொல்ல நாற்பத்து மூன்று பேனாவும் எழுதும். கையும் களவுமாகப் பிடிபடுவதற்கு இங்கிலீஷில் 'ரெட் ஹேண்டட்' என்றார். நாற்பத்து மூன்று பேரும் ஒரே திருடனை ஒரே போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்தோம். ஒரு இடம் விடாமல் தேடுவதற்கு 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்'. நாற்பத்து மூன்று ராமர்கள் சீதையைத் தேடிக் கல்லைப் புரட்டினார்கள். 'டர்ன் எ டெஃப் இயர்' வந்த அன்று, ஒரு ராஜா மந்திரியின் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரீட்சையில் 'சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று இருக்கும். எல்லாத் தாளிலும் அதே ராஜா, அதே மந்திரி. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சொந்த வாக்கியம் என்றால் சார் சொன்ன வாக்கியம். அதை ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம் பண்ணுகிறவள் கெட்டிக்காரி.

நான் ஒரு நாள் எழுந்து கேட்டேன். "சார், சொந்த வாக்கியம்னா நாமே யோசிச்சு எழுதக்கூடாதா சார்?"

"எழுதலாம்மா. தப்பா எழுதுவே. எதுக்கு அது? இது பழகின வாக்கியம். இருபது வருஷமா ஒருத்தருக்கும் மார்க் குறையலே."

"மொட்டை புதுசா இங்கிலீஷ் கண்டுபிடிக்கப் போறா சார்!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். சாரும் சிரித்தார். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் அம்மாவின் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே அரக்கோணம் ரயில்வே குடும்பத்திலிருந்து வந்த ஆங்கிலோ-இந்திய நர்ஸம்மா ஒருவர் இருந்தார், ஊரில் சட்டைக்காரம்மா என்பார்கள். வெள்ளைக் கவுன், ஸ்பிரிட் வாசனை, பெரிய குரல். ஒரு நாள் எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டு, "அது வந்துங்க நர்ஸம்மா, போன அமாவாசைக்கு மணவூர் போயிருந்தனுங்க, அங்க எங்க மச்சான் வூட்ல ஒரு விசேஷங்க…" என்று இழுத்தார்.

"டோன்ட் பீட் அபௌட் த புஷ், மேன்! எங்க வலிக்குது, அதச் சொல்லு!"

"இங்கங்க" என்று அந்த ஆள் உடனே வயிற்றைத் தொட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொடர் சாரின் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சுற்றி வளைத்துப் பேசுவது என்று அர்த்தம். அங்கே அது சார் சொன்ன வாக்கியத்தில் வரும் ஏதோ ஒரு தூதுவனுக்குச் சொந்தம். இங்கே அது வயிற்றுவலிக்காரர் முன்னால், பஞ்சுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், உயிரோடு நடமாடியது. இங்கிலீஷ் தெரியாத ஆளுக்குக்கூடப் புரிந்தது. நர்ஸம்மா எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது. "ஏய் பொண்ணு, கதவ மூடு" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முழுப் பேச்சு. ஆனால் அன்றைக்கு மேல் அந்த நோட்டு எனக்குச் செத்த பூச்சிகளை ஊசி குத்தி வைத்த பெட்டி மாதிரி தெரிந்தது.

மறுநாளே நானும் மெக்கானிக் மகளும் விளையாட ஆரம்பித்தோம். அவள் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுடைய அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி ரிப்பேர் செய்தார். அவளுடைய பாவாடை ஓரத்தில் எப்போதும் ஒரு கிரீஸ் கறை இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் கண்டதற்கெல்லாம் ஒரு தொடர் போட வேண்டும், போடாதவள் மற்றவளின் பையைச் சுமக்க வேண்டும், இதுதான் ஆட்டம். ஒரு குரங்கு ஐயர் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கினால் "ரெட் ஹேண்டட்!" என்று கத்துவாள். பூக்காரம்மா விலையைச் சொல்லாமல் முருகன் பெருமையைப் பேசினால், நான் "பீட்டிங் அபௌட் த புஷ்!" என்பேன்.

"இன்னாடி ரெண்டு பேரும் வாய்க்குள்ள இன்னாத்தையோ போட்டு மென்னுகினே வரீங்க?" என்றாள் அம்மா.

"இங்கிலீஷ்மா."

"என் காதுல பூ சுத்தாதே. இங்கிலீஷ்னா இப்பிடியா சிரிப்பு வரும்?"

அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் பேச்சில் பாதி இப்படித்தான். வயித்துல புளியக் கரைக்குது, தலைக்கு மேல வேலை, கண்ணுல மண்ணைத் தூவிட்டான். அம்மாவின் வாயிலிருந்து வருவதை ஒரு நோட்டில் எழுதினால் சாரின் நோட்டைவிடத் தடியாக இருக்கும். அம்மா எதையும் மனப்பாடம் செய்து பேசியதில்லை.

இனி, நாம் யாரும் பேச விரும்பாத விஷயம். நான் பேசுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பையன்களுக்கு ஒரு சுவர் இருந்தது. எங்களுக்குக் கிணற்றுக்குப் பின்னால் ஒரு மூலை. தாவணி போட்ட பெண்கள் மூன்று பேர் முதுகைக் காட்டி நின்று, தாவணியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிப்பார்கள். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து எழுந்ததும் முறை மாறும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஊரைவிட்டுப் போன கையோடு அந்த மூலையில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டார்கள். புதுத் தகரக் கூரை வெயிலில் பளபளவென்று மின்னியது. அதற்குப் பிறகு காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பாடத்தில் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு, கரும்பலகையில் ஒரு எழுத்தும் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு மறந்திருக்காது.

நானும் மெக்கானிக் மகளும் இன்னொருத்தியும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனோம்.

"சார், எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும் சார்."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மழை வரும் போலிருக்கே" என்றார் கிளார்க்கிடம்.

"சார், சைக்கிள் ஸ்டாண்டு வந்ததிலேர்ந்து எங்களுக்கு…"

"பெல் அடிச்சாச்சா, பாருய்யா."

கிளார்க் எழுந்து மணியைப் பார்க்கப் போனார். நாங்கள் இன்னும் கொஞ்சம் நின்றோம். ஹெட்மாஸ்டர் பக்கம் புரட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் மெக்கானிக் மகள் என் காதில், "டர்ன் எ டெஃப் இயர்" என்றாள். மூன்று பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அடக்கிக்கொண்டிருக்கிறவளுக்குச் சிரிப்பு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

காலாண்டுப் பரீட்சையில் அந்தத் தொடர் வந்தது. ஏதோ ஒரு வேகத்தில் எழுதிவிட்டேன் என்று பிறகு எல்லாரும் எனக்காகச் சமாதானம் சொன்னார்கள். அப்படியில்லை. என் பேனா முதலில் 'தி கிங்' என்றுதான் எழுதியது. அதை நானே அடித்தேன். அடித்தது தெரியும்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: வீ ஆஸ்க்ட் ஃபார் எ லெட்ரின். தி ஹெட்மாஸ்டர் டர்ன்ட் எ டெஃப் இயர். நாங்கள் கக்கூஸ் கேட்டோம், எங்கள் ஹெட்மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் இங்கிலீஷில் சொன்ன முதல் உண்மை அதுதான்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் அன்று சார் என் வாக்கியத்தை வகுப்பு கேட்கப் படித்தார், பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரைக் கேட்டு எழுதினே?"

"சொந்த வாக்கியம்னு போட்டிருந்துச்சு சார்."

இந்த முறை பின் பெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தாள் ஹெட்மாஸ்டரிடம் போனது. மறுநாள் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நைனா மலையிலிருந்து நேராக வந்தார். முட்டிக்குக் கீழே மயிர்த்துணுக்கு ஒட்டியிருந்தது. அறையில் பெஞ்சு கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. அந்த ஆடியில்தான் இதே ஹெட்மாஸ்டர் வேண்டுதலுக்காக நைனாவின் கைக்குக் கீழே தலையைக் குனிந்து கொடுத்திருந்தார். முடி இன்னும் சரியாக வளரவில்லை.

"இந்தாப்பா, உன் பொண்ணு என்னைச் செவிடன்னு எழுதியிருக்கா. அதுவும் பரீட்சைத் தாள்ல."

"ஐயோ, அப்பிடிங்களா?" நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா எழுதின?"

தமிழில் சொன்னேன். நைனா ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"பசங்க கேட்டது நெஜங்களா சாமி?"

"அது இல்ல இப்பப் பேச்சு."

"ஆங், சரிங்க."

ஹெட்மாஸ்டர் தீர்ப்பைச் சொன்னார். அரையாண்டுப் பரீட்சையிலும் அதே தொடர் வரும். சார் கொடுத்த ராஜா வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். எழுதாவிட்டால் நடத்தை சரியில்லை என்று போட்டு டி.சி. கொடுத்துவிடுவார்.

"எழுதுவாங்க. நான் எழுதச் சொல்றனுங்க" என்று நைனா கும்பிடு போட்டார்.

டி.சி. என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிப்பட்டில் என் அத்தை வீடு, தறி போட்டிருந்தார்கள். அங்கே அத்தை மகன், எங்கள் பேச்சில் பாவா, என்னைக் கட்டிக்கொள்வதற்கென்றே மீசை வளர்த்துக்கொண்டிருந்தார். 'படிப்பு முடியட்டும்' என்ற ஒரே பேச்சில்தான் அம்மா அந்தக் கல்யாணத்தை நிறுத்திவைத்திருந்தாள். படிப்பு நின்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தை பிறந்ததும் நான் பள்ளிப்பட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு நடந்துவரும்போது நைனாவோடு சண்டை போட்டேன்.

"ராஜாதானேம்மா? எழுதிட்டுப் போயேன். அந்த ராஜா உன்ன இன்னா பண்ணான்?"

"பொய் நைனா அது."

"பொய் இல்ல, கதை."

"சொந்த வாக்கியம் கேட்டு, கதை எழுதச் சொன்னா, அது பொய்தான்."

"உனுக்கு நாக்கு நீளம். படிச்சா இன்னும் நீளும்னு அப்பவே சொன்னாங்க."

அம்மா கல்லில் சந்தனம் அரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "எழுதலன்னா வெளிய தள்ளிடுவாங்களா?"

"ஆங்."

"எழுதினா கக்கூஸ் கட்டிக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

அம்மா இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டு அரைத்தாள். "அப்ப நல்லா யோசிச்சு எழுது" என்றாள். எதை எழுது என்று சொல்லவில்லை.

அன்றைக்கு நைனாவைக் கோழை என்று நினைத்தேன். பல வருஷம் நினைத்தேன். கையில் கத்தியை வைத்துக்கொண்டே ஒருவரையும் கீறாமல் வாழ்ந்த மனிதருக்கு வேறு எப்படிப் பேச வரும் என்று இப்போது புரிகிறது. அதைவிட இன்னொன்றும் புரிகிறது. 'கேட்டது நெஜங்களா' என்று அந்த அறையில் கேட்டவர் அவர் ஒருவர்தான். படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அந்தக் கேள்வி காதில் விழவேயில்லை, அவர் போட்ட கும்பிடு மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வகுப்பில் ஈரப் புத்தக வாசனை. சார் ஒரு நாள் என்னை மட்டும் நிறுத்தி, பழுப்பு நோட்டைத் திறந்து காட்டினார். "பாரும்மா. இந்த ராஜா சென்டன்ஸ் எனக்கு என் வாத்தியார் கொடுத்தது. நான் ஒரு வார்த்தை மாத்தினதில்லே. மாத்தினா தப்பு வந்துடும். தப்பு வந்தா என்னைக் கேப்பாங்க. உனக்கு இன்னா, பேசாம எழுதிட்டுப் போ."

மந்தமான மனிதர் என்று அன்று நினைத்தேன். அவர் மந்தமில்லை, பயந்தவர். இருபது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் இங்கிலீஷில் தன்னுடையது என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. பாவப்படுவதோடு சரி. மன்னிப்பு என்பது வேறு, அதை அவர் என்னிடம் கேட்கவுமில்லை.

மெக்கானிக் மகளும் வந்தாள். "ராஜாவையே எழுதிடலாம்டி."

"நீதானடி மொதல்ல சொன்ன?"

"நான் சொன்னேன். எழுதினது நீ. எங்க வீட்ல ஸ்கூல்லேர்ந்து ஒரு சீட்டு வந்தாப் போதும், அன்னிக்கே நிறுத்திடுவாங்க. உனக்கு உங்கம்மா இருக்காங்க."

"பயந்தாங்கொள்ளி" என்றேன். அன்று என் பையை நானே சுமந்துகொண்டு தனியாக வீட்டுக்குப் போனேன்.

அரையாண்டுப் பரீட்சை மார்கழி ஆரம்பத்தில் வந்தது. கேள்வித்தாளில் அந்தத் தொடர் எனக்காகவே உட்கார்ந்திருந்தது. சார் என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பள்ளிப்பட்டு கண்ணுக்குத் தெரிந்தது, தறிக்குழி தெரிந்தது, பாவாவின் மீசை தெரிந்தது. அதற்குள் மணி பதினொன்றரை. அடிவயிறு இழுக்க ஆரம்பித்திருந்தது. எழுதினேன். போன முறை எழுதியதையே எழுதி, ஒன்றைக் கூட்டினேன்: ஹி இஸ் ஸ்டில் டர்னிங் எ டெஃப் இயர். இன்னும் காதில் போட்டுக்கொள்ளாமல்தான் இருக்கிறார். சார் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

தாள் கொடுத்த அன்று ஹெட்மாஸ்டரும் வகுப்புக்கு வந்தார். கிளார்க் கையில் மடித்த ஒரு காகிதம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. எழுந்து நின்றேன்.  

சார் என் தாளை எடுக்கவில்லை. சில தாள்களை ஒரு கட்டாக எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஆறு பேர் சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம், ரகசியம் சொல்கிற குரலில். "ஆறு பேர் அதையே எழுதியிருக்காங்க."

எனக்கே அது புதுச்செய்தி. ஒன்பது பெண்களில் என்னைத் தவிர ஐந்து பேர். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஹெட்மாஸ்டரின் கண் என் மேலேயே இருந்தது. "தூண்டிவிட்டது நீயா?"

"இல்ல சார்."

"அவ பேரைச் சொல்லுங்க, மத்தவங்களை விட்டுடறேன்" என்று மற்றவர்களிடம் சொன்னார். ஐந்து பேரில் சின்னவளைக் கூப்பிட்டார். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டாள். "யார் சொல்லி எழுதினே?"

"எவுரும்… யாரும் சொல்லல சார்."

"பின்னே?"

"ஓன் சென்டன்ஸ்னு கேட்டாங்க. அக்கா எழுதினதுதானே சார் ஓன் சென்டன்ஸ்? அதான் மனப்பாடம் பண்ணேன்."

பின் பெஞ்சில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சொந்த வாக்கியத்தை மனப்பாடம் பண்ண வேண்டும் என்றுதான் சார் சொல்லிக்கொடுத்திருந்தார், அவள் அதைத்தான் செய்தாள்.

"சார் கொடுத்தாரே, ராஜா, மந்திரி, அது எங்கே போச்சு?"

"அந்த ராஜா ஞாபகத்துல நிக்கவே மாட்டேங்கறாரு சார்." அவள் கையைப் பிசைந்தாள். "இது தெனம் வலிக்குது. எப்பிடி சார் மறக்கும்?"

 சிரித்தவன் நிறுத்திக்கொண்டான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஹெட்மாஸ்டர் தாள்கட்டைப் பார்த்தார், கிளார்க் கையிலிருந்த ஒற்றைக் காகிதத்தைப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு டி.சி. கொடுத்தால் நடத்தை என்று எழுதிவிடலாம். ஆறு பெண்களுக்குக் கொடுத்தால் மேலதிகாரிக்கு என்ன காரணம் எழுதுவார்? கக்கூஸ் என்றுதான் எழுத வேண்டும். ஹெட்மாஸ்டர் வெளியே போனார். கிளார்க்கும் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

சார் ஆறு பேருக்கும் ஒன்றுக்கு அரை மார்க் போட்டுக் கொடுத்தார்.

மெக்கானிக் மகள் ராஜாவை எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மார்க். அந்தத் தாளை அவள் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தபோது என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரையாண்டு விடுமுறையில் அவள் பெரியவளாகிவிட்டாள். கக்கூஸ் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு இனி எப்படி அனுப்புவது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். லீவு முடிந்து போனபோது பெஞ்சில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. லாரி ரிப்பேர் கடை வழியாக எத்தனையோ தடவை நடந்தேன். உள்ளே போய்க் கூப்பிடவில்லை. ரோஷம். அந்த வருஷம் எல்லாரும் செய்த தப்புகளை எழுதிக்கொண்டே வந்தேன். இது என்னுடையது.

தை கடைசியில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு கம்பு நட்டு, தென்னந்தட்டி கட்டினார்கள். கூரை கிடையாது, கதவுக்கு ஒரு சாக்கு. யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் நன்றி சொல்லவில்லை. கேட்டதில் பாதி கிடைத்ததற்கு எதற்கு நன்றி?

சார் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் மாறவில்லை. பழுப்பு நோட்டிலிருந்து அடுத்த வாரமே ஐந்து தொடர் கொடுத்தார். அதில் ஒன்று 'அட் தி லெவன்த் அவர்'. கடைசி நிமிஷத்தில் என்று அர்த்தம். அவருடைய சொந்த வாக்கியத்தில் டாக்டர் கடைசி நிமிஷத்தில் வந்து நோயாளியைக் காப்பாற்றினார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முழுப் பரீட்சையில் அது வந்தது. ஒரு வருஷம் முழுவதும் தப்பு பண்ணிப் பண்ணி என் இங்கிலீஷ் கொஞ்சம் தேறியிருந்தது. எங்கள் தட்டி கடைசி நிமிஷத்தில் வந்தது, என் சிநேகிதிக்கு அவளுடைய கடைசி நிமிஷம் கடந்து ஒரு மாதம் கழித்து வந்தது, என்று எழுதினேன்.

அரை மார்க்தான் போட்டார். போடட்டும்.